நண்டு ரசத்தில் விஷம் வைத்தது யார்?

கோஸி மிஸ்டரி எழுதுவதற்கான செய்முறை ரொம்ப எளிது. ஒரு சின்னத் தீவு. தீவில் ஒரு குட்டி விடுதி, எட்டுப் பத்து அறைகள். நடத்துபவர் நாற்பது வயதுப் பெண். நகரத்து வேலையை உதறிவிட்டு, பாட்டியின் சமையல் நோட்டோடு வந்து சேர்ந்தவர். ஒரு பூனை. அடைமழை. படகு நின்றுபோகிறது. ராத்திரி விருந்தில், யாருக்கும் பிடிக்காத ஒரு பணக்காரர் சூப்பைக் குடித்துவிட்டுச் சரிகிறார். ரத்தம் கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது. வருகிற இன்ஸ்பெக்டர் கொஞ்சம் மந்தம். சமையல்காரப் பெண்ணே துப்பறிந்து கண்டுபிடிக்கிறாள். குற்றவாளியைக் கூட்டிக்கொண்டு போனதும் மிச்சமிருப்பவர்கள் உட்கார்ந்து கேக் சாப்பிடுகிறார்கள். கடைசிப் பக்கத்தில் அந்த கேக்கின் செய்முறை.

நான் இதைக் கேலி செய்யவில்லை. மூர் மார்க்கெட்டில் ஏறி கும்மிடிப்பூண்டி லோக்கலில் வீடு திரும்பும் சாயங்காலங்களில் இந்த மாதிரிப் புத்தகங்களை நிறையப் படித்திருக்கிறேன். பகல் முழுக்க அடுத்தவர் எழுதிய நிரலில் பிழை தேடிய மூளைக்கு, முந்நூறு பக்கத்துக்குள் கண்டிப்பாகப் பிழை பிடிபட்டுவிடும் ஓர் உலகம் பெரிய ஆறுதல். என் சண்டை வேறு. இலக்கியக் குழுக்களில், புத்தகக் கண்காட்சி டீக்கடைகளில் அடிக்கடி எழும் ஒரு கேள்வியோடு சண்டை. “தமிழ்ல ஏன் சார் இந்த மாதிரி ஒண்ணு இல்ல? பழவேற்காடு இருக்கு. ஏரி இருக்கு, தீவு இருக்கு, டச்சுக் கல்லறை இருக்கு, பூநாரை இருக்கு, நண்டு இருக்கு. இன்னும் என்ன வேணும்?”

இன்னும் நிறைய வேணும். அந்தக் கேள்விக்குள் இடம் என்பது வால்பேப்பர். பின்னணிப் படத்தை மாற்றினால் கதை மாறிவிடும் என்று நம்புகிற கேள்வி அது. டெவன் கடற்கரையை எடுத்துவிட்டு பழவேற்காட்டை ஒட்டு, ஆப்பிள் பையை எடுத்துவிட்டு நண்டு ரசத்தை ஊற்று, தமிழ் கோஸி தயார். இப்படிச் செய்தால் கிடைப்பது நாவல் இல்லை, தடயத்தை அழிக்கும் வேலை. ஏன் என்று சொல்கிறேன்.

*

முதலில் அந்தக் கதகதப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். அகதா கிறிஸ்டி 1941-ல் வெளியிட்ட ‘ஈவில் அண்டர் த சன்’ நாவலில் வருவது ஒரு தீவு விடுதிதான். அதற்கு மாதிரியான பர்க் தீவு டெவன் கடற்கரையோரம் இன்றும் இருக்கிறது, அங்கே ஹோட்டலும் இருக்கிறது. சமையலை மையமாக வைத்த கிளை பிற்பாடு அமெரிக்காவில் தழைத்தது: 1982-ல் வர்ஜினியா ரிச், 1990-ல் விருந்துச் சமையல்காரியைத் துப்பறிய வைத்த டயான் மாட் டேவிட்சன், 2000-ல் பிஸ்கட் கடைக்காரியோடு வந்த ஜோவன் ஃப்ளூக். 2021-ல் மியா மனன்சாலா ‘ஆர்செனிக் அண்ட் அடோபோ’வில் ஃபிலிப்பினோ அடுப்படியை உள்ளே கொண்டுவந்தார்.

இவர்கள் எல்லோரும் வாசகரோடு சத்தமில்லாமல் இரண்டு ஒப்பந்தம் போடுகிறார்கள். ஒன்று: தீவு மூடியது. குற்றம் உள்ளே நடந்தது, குற்றவாளியும் உள்ளேதான் இருக்கிறான், வெளியே உலகம் நலம். இரண்டு: ஒரே ஒரு கிண்ணத்தில்தான் விஷம். பக்கத்துக் கிண்ணம் சுத்தம், அடுப்படி சுத்தம், கடல் சுத்தம். இந்த இரண்டாவது ஒப்பந்தம் இல்லையென்றால் கடைசிப் பக்கத்தில் செய்முறை அச்சிட முடியாது.

இப்போது திருவள்ளூர் மாவட்டத்துக்கு வருவோம். இங்கே தீவு என்றால் முதலில் கண்ணில் படுவது காட்டுப்பள்ளி. கிழக்கே வங்கக் கடல், மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய், வடக்கே பழவேற்காடு ஏரி, தெற்கே எண்ணூர் முகத்துவாரம். வரைபடத்தில் பார்த்தால் விடுதி கட்டத் தோன்றும் மணல் திட்டு. நேரில் போனால் கன்டெய்னர் லாரிகளுக்கு வழிவிட்டு ஓரமாக நிற்க வேண்டியிருக்கும். வட சென்னை அனல் மின் நிலையம், 2001-ல் திறந்த எண்ணூர்த் துறைமுகம் (இப்போது காமராஜர் துறைமுகம்), எல் அண்ட் டி கட்டி 2018-ல் அதானி குழுமம் வாங்கிய காட்டுப்பள்ளித் துறைமுகம், கடல்நீரைக் குடிநீராக்கி நாளுக்கு 10 கோடி லிட்டர் சென்னைக்குக் கொடுக்கும் திறனோடு கட்டிய ஆலை.

‘மூடிய தீவு’ என்ற முதல் ஒப்பந்தம் இங்கேயே கிழிந்துவிடுகிறது. நீங்கள் போனில் இந்தக் கட்டுரையை வாசிக்கும் வெளிச்சம், குழாயில் வரும் தண்ணீர், ஆன்லைனில் ஆர்டர் செய்த பொருள் என்று ஏதோ ஒரு வழியில் இந்தத் தீவு உங்கள் வீட்டுக்குள் வந்துபோகிறது. புயலடித்துப் படகு நின்றால் துண்டிக்கப்படும் தீவு இல்லை இது. புயலடித்தால் ஊர் மொத்தமும் வந்து சேரும் தீவு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அதுதான் நடந்தது. மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து வெள்ளத்தோடு கிளம்பிய எண்ணெய், பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்தது. படகு, வலை, அலையாத்தி மரம், கூழைக்கடாவின் சிறகு என எல்லாம் கறுப்பு. அந்த மாதம் முடிவதற்குள், 26-ஆம் தேதி நள்ளிரவில், பெரியகுப்பத்தில் உர ஆலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, ஜனங்கள் கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள்.

இரண்டாவது ஒப்பந்தத்தின் கதி இன்னும் மோசம். ஒரு கிண்ணத்தில் மட்டும் விஷம் என்று சொல்ல வேண்டுமானால், நண்டு வந்த இடம் சுத்தம் என்று உறுதி சொல்ல வேண்டும். கொசஸ்தலை ஆற்றில் அனல் மின் நிலையச் சாம்பல் குழாய்கள் பல வருஷமாகக் கசிந்திருக்கின்றன. கழிமுகத்தின் அடியில் சாம்பல் படிந்து கிடக்கிறது. இருளர்கள் அங்கே வலை இல்லாமல், இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் தடவித்தடவி இறால் பிடிப்பார்கள். விரல்தான் அவர்களுக்குக் கண். அந்த விரலுக்கு இப்போது தட்டுப்படுவது சாம்பல். 2017 ஜனவரி 28 அதிகாலை காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கரை ஒதுங்கிய எண்ணெய்க் குழம்பை மீனவர்களும் தன்னார்வலர்களும் வாளியால் அள்ளினார்கள். பிளாஸ்டிக் வாளி. அந்தப் படங்களை நாடே பார்த்தது. பிறகு கொஞ்ச நாள் சென்னையில் மீன் வாங்க ஆளில்லை.

இந்த ஊரில் விடுதியைக் கட்டி, மேஜையில் நண்டு ரசத்தை வைத்து, “ஆனால் இந்த ஒரு கிண்ணத்தில் மட்டும்தான் விஷம்” என்று எழுதுகிறவர் யாருக்கு வக்கீல் வேலை பார்க்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். மிச்சக் கிண்ணங்களுக்கெல்லாம் அவர் நற்சான்றிதழ் கொடுக்கிறார்.

*

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று தெரியும். அது சோப்ளாங்கி வாதமும் இல்லை. “எல்லாக் கதையும் போராட்டக் கதையா இருக்கணுமா? மாசக் கடைசியில ஈ.எம்.ஐ., திங்கட்கிழமை மீட்டிங், அம்மாவுக்கு சுகர். ராத்திரி பத்து மணிக்கு அரை மணி நேரம் நிம்மதியா ஒரு கதை படிச்சா அது குத்தமா?” குற்றமே இல்லை. ஆறுதலுக்காகப் படிப்பதைக் குறைத்துப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. பழவேற்காட்டில் மீன் அலசிவிட்டு வந்து டி.வி. சீரியல் முன்னால் உட்காரும் பெண்ணுக்கும் அந்த அரை மணி நேரம் தேவை.

ஆனால் ஆறுதல் எதிலிருந்து செய்யப்படுகிறது என்று கேட்கலாம் அல்லவா? கிறிஸ்டியின் கதகதப்பு, அறியாமையிலிருந்து வந்ததில்லை. முதல் உலகப் போரில் அவர் முதலில் மருத்துவமனைச் செவிலியர், பிறகு அங்கேயே மருந்து கலக்கிக் கொடுக்கும் பிரிவில் வேலை. எந்த விஷம் எத்தனை மணி நேரத்தில் என்ன செய்யும் என்பது அவருக்குக் கைப்பழக்கம். 1920-ல் வந்த முதல் நாவலிலேயே ஸ்ட்ரிக்னைன் எப்படிப் புட்டியின் அடியில் தங்கும் என்பதில்தான் கதை முடிச்சே இருக்கிறது.

1961-ல் அவர் எழுதிய ‘த பேல் ஹார்ஸ்’ நம் விவகாரத்துக்கு ரொம்பப் பக்கத்தில் வருகிறது. ஒரு கிராமம், முன்பு விடுதியாக இருந்து வீடாக மாறிய ஒரு பழைய கட்டடம், அதில் மந்திரம் வைப்பதாகச் சொல்லிக்கொள்ளும் மூன்று பெண்கள். சம்பந்தமே இல்லாத ஆட்கள் ஆங்காங்கே படுக்கையில் கிடந்து சாகிறார்கள். டாக்டர்கள் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நோயின் பெயரை எழுதுகிறார்கள். உண்மையில் அது தாலியம். கன உலோகம், ருசியில்லை, மெதுவாக வேலை செய்யும், முடி கொட்டும். எப்படிப் போய்ச் சேர்ந்தது? நுகர்வோர் கணக்கெடுப்பு நிறுவனம் ஒன்று வீடு வீடாகப் போய் யார் என்ன பொருள் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டுப் பட்டியல் போடுகிறது. பிறகு வேறொரு ஆள் வந்து அந்தப் பொருளை மாற்றி வைத்துவிட்டுப் போகிறான். பணம் வாங்குகிறவர் தனி, பட்டியல் எடுக்கிறவர் தனி, பொருள் மாற்றுகிறவர் தனி. கணக்கெடுப்புக்குப் போன பெண்ணுக்குத் தான் ஒரு கொலையில் பங்கெடுத்தோம் என்பதே தெரியாது.

அப்பாவி ஊழியர்கள், வேலைப் பிரிவினை, ரசீது, தூரத்தில் நடக்கும் சாவு. கம்பெனி மாதிரி இயங்கும் கொலையை 1961-லேயே அந்த அம்மாள் எழுதிவிட்டார். இன்னொரு விஷயம்: 1977-ல் லண்டன் மருத்துவமனை ஒன்றில் என்ன நோயென்றே பிடிபடாமல் கிடந்த குழந்தைக்கு, இந்த நாவலைப் படித்துக்கொண்டிருந்த நர்ஸ் ஒருவர் அறிகுறிகளை ஒப்பிட்டு, “தாலியமாக இருக்குமோ?” என்று கேட்டார். அதுதான். குழந்தை பிழைத்தது.

ஆறுதல் கதை ஓர் உயிரைக் காப்பாற்றியது. அதில் இருந்த தகவல் உண்மையாக இருந்ததால் காப்பாற்றியது. பழவேற்காட்டை வால்பேப்பராக ஒட்டும் ஒரு நாவல் யாரை எதிலிருந்து காப்பாற்றும்?

*

இந்த இடத்தில் நம்ம சீரியஸ் இலக்கிய அண்ணன்கள் சந்தோஷமாகத் தலையாட்டுவார்கள். “அதான் அப்பவே சொன்னோமே, துப்பறியும் கதையெல்லாம் குப்பை.” அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. தமிழ் நாவல் வாசிக்கப் பழகியதில் ஆரணி குப்புசாமி முதலியாருக்கும் வடுவூர் துரைசாமி ஐயங்காருக்கும் பெரிய பங்கு உண்டு. தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் குடித்தபடியே துப்பறிந்தார். ஒரு தலைமுறை அந்தத் தேநீரோடு வளர்ந்தது. சுஜாதா என்கிற இன்ஜினியர் கணேஷையும் வசந்தையும் கொண்டு தமிழ் உரைநடைக்கே வேகம் கூட்டினார். ராஜேஷ்குமார் ஆயிரத்துக்கும் மேல் எழுதிக் குவித்தார். இந்த வகையைக் கீழே தள்ளி வைத்துவிட்டு, சூழலியல் பற்றி எழுபது பேர் மட்டும் படிக்கும் துக்க நாவல் எழுதுவதால் எந்த ஏரியும் பிழைக்கப்போவதில்லை.

துக்க நாவலிலும் ஒரு சோம்பேறித்தனம் இருக்கிறது. அது “நாம் எல்லோருமே குற்றவாளிகள்” என்று முடியும். கரன்ட் நாம் போட்டோம், தண்ணீர் நாம் குடித்தோம், ஆகவே எல்லோரும் சேர்ந்து ஆற்றைக் கொன்றோம் என்று ஒரு பெருமூச்சு. மேலே நானே வெளிச்சம், தண்ணீர் என்றெல்லாம் சொன்னேன். அது தீவு மூடியதில்லை என்று காட்டத்தான், தீர்ப்பு எழுத இல்லை. கிறிஸ்டி 1934-ல் ‘ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்’ நாவலில் எல்லோரும் சேர்ந்து செய்த கொலையை எழுதிவிட்டார். அங்கே எல்லோரும் குற்றவாளி என்று தெரிந்ததும் துப்பறிவாளர் என்ன செய்கிறார்? கோப்பை மூடிவிடுகிறார். எல்லோரும் குற்றவாளி என்றால் யாரையும் கேள்வி கேட்க வேண்டாம்.

ஆக, நம் முன்னால் இரண்டு பொய் முடிவுகள். கோஸி சொல்லும் “ஒரு கெட்டவன் மட்டும்.” துக்க நாவல் சொல்லும் “எல்லோரும்.” இரண்டுக்கும் நடுவில் கையெழுத்துகள் இருக்கின்றன. எந்தத் தேதியில், எந்த மேஜையில், எந்தக் கோப்பில் யார் கையெழுத்துப் போட்டது என்பது. துப்பறியும் கதை என்ற வடிவமே இந்தக் கேள்விக்காகப் பிறந்ததுதான். என் தொழிலிலும் அப்படித்தான். சர்வர் விழுந்தால் ‘எல்லோரும் பொறுப்பு’ என்று எழுதி அனுப்ப முடியாது. எந்த வரி, எந்த மாற்றம், எத்தனை மணிக்கு என்று பதிவேட்டைத் திறந்து பார்க்க வேண்டும்.

*

1929-ல் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் எழுதினார். அதில் இரண்டு நமக்கு வேண்டும். அதுவரை யாரும் அறியாத விஷத்தைப் பயன்படுத்தக் கூடாது. துப்பறிவாளருக்குக் கிடைத்த தடயத்தை வாசகரிடமிருந்து மறைக்கக் கூடாது.

முதல் கட்டளையை எண்ணூர் மீறவே இல்லை. சாம்பல், எண்ணெய், அமோனியா. எல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கும் சரக்கு. இரண்டாவது கட்டளைதான் நொறுங்கிக் கிடக்கிறது. 1996-ல் ஒப்புதல் பெற்ற கடற்கரை மண்டல வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் இருக்கிறது. பின்னால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது கிடைத்த வரைபடத்தில் அந்தக் கழிமுகம் இல்லை என்பதை மீனவர்களும் செயற்பாட்டாளர்களும் 2017 வாக்கில் அம்பலப்படுத்தினார்கள். ஆயிரக்கணக்கான ஏக்கர் நீர்ப்பரப்பு காகிதத்தில் மாயம். பூட்டிய அறைக்குள் நடந்த கொலை பற்றி எத்தனையோ கதை படித்திருக்கிறோம். ஓர் ஆறு வரைபடத்திலிருந்து காணாமல் போனதை எந்தக் கதைக்காரர் யோசித்தார்?

அப்புறம் கடைசி அத்தியாயம். சந்தேகத்துக்குரியவர்கள் எல்லோரையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்து, துப்பறிவாளர் ஒவ்வொருவராகக் கேள்வி கேட்கும் காட்சி. நம் ஊரில் அதற்குப் பெயர் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிவாக்கும் திட்டத்துக்கு 2021 ஜனவரி 22 அன்று கூட்டம் அறிவித்தார்கள், தள்ளிவைத்தார்கள். 2023 செப்டம்பர் 5 என்றார்கள், அதையும் தள்ளிவைத்தார்கள். எதிர்ப்பு பலமாக இருந்ததால் தள்ளிப்போனது, அது நல்லதுதான். ஆனால் திட்டத்தின் நிழலில் உட்கார்ந்திருக்கும் கிராமங்களைப் பொறுத்தவரை, கடைசி அத்தியாயம் மட்டும் அச்சாகாமலே வாழ்கிறார்கள்.

*

அப்படியானால் பழவேற்காட்டில் கோஸி எழுதவே கூடாதா? எழுதுங்கள். தயவுசெய்து எழுதுங்கள். ஆனால் தடயங்களை ஊரிடம் கேட்டு வாங்குங்கள். ஊர் தாராளமாகக் கொடுக்கும்.

பழவேற்காடு ஏரியில் ‘பாடு’ என்று ஒரு முறை இருக்கிறது. எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்பது சுழற்சி முறையில் முன்கூட்டியே முடிவாகிவிடும். எல்லோருக்கும் நல்ல இடம் ஒருமுறை, சுமாரான இடம் ஒருமுறை. ஏரியைப் பங்கு போட்டுத் தின்னாமல் பகிர்ந்து சாப்பிட ஊரே கண்டுபிடித்த ஏற்பாடு. துப்பறிகிறவருக்கோ அது தங்கம். கொலை நடந்த ராத்திரி தண்ணீரில் யார் எங்கே இருந்திருக்க வேண்டும் என்பது ஊர் மொத்தத்துக்கும் தெரியும். இருக்க வேண்டிய இடத்தில் ஒருவர் இல்லையென்றால் அன்று விடிவதற்குள் பேச்சு கிளம்பிவிடும்.

ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகக் கூடாதென்று எச்சரிக்கை வரும். அந்த நாளில் “கடல்ல இருந்தேன்” என்று ஒருவர் வாக்குமூலம் கொடுத்தால்?

நண்டும் சாட்சி சொல்லும். அமாவாசை நண்டில் சதை நிறைந்திருக்கும், பௌர்ணமி நண்டு வெறும் கூடு என்பார்கள் கரையில். “நேத்து ராத்திரி பிடிச்ச நண்டு” என்று சொல்லி ஓட்டைப் பிளந்தால் கனம் பொருந்தவில்லை. சமையல்காரி இதைப் பார்த்தே சொல்லிவிடுவாள், இது நேற்றைய நண்டு இல்லை, இந்த ஏரி நண்டும் இல்லை என்று. இன்ஸ்பெக்டருக்குத் தெரியாதது, தடயவியல் கூடத்துக்கு யாரும் அனுப்பாதது, அவள் கட்டைவிரலுக்குத் தெரியும். கொதிக்கும் குழம்பில் மண்ணெண்ணெய் வாடை வந்தால் எந்தப் பக்கத்துத் தண்ணீரில் பிடித்த மீன் என்று கேட்கத் தெரிந்தவள் அவள். இதைவிட நல்ல துப்பறிவாளரை நீங்கள் டெவனில் தேடினாலும் கிடைக்காது.

அவள் விடுதியின் முதலாளியாக இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். முதலாளியம்மாவின் சமையல் நோட்டை விடுங்கள், பின்கட்டில் நண்டு உடைக்கிறவளைப் பாருங்கள். கிண்ணத்தில் விஷம் வைத்தவனை அவள் 200-ஆம் பக்கத்திலேயே கண்டுபிடிக்கட்டும். நாம் கைதட்டுவோம். அவனைக் கூட்டிக்கொண்டு போன பிறகும் அவள் உட்கார மாட்டாள். பக்கத்துக் கிண்ணத்தை எடுத்து மோந்து பார்ப்பாள். இந்த நண்டு எங்கிருந்து வந்தது, அந்தத் தண்ணீரில் என்ன கலந்தது, கலக்கலாம் என்று யார் எழுதிக் கொடுத்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போவாள்.

கடைசிப் பக்கத்தில் நண்டு ரசம் செய்முறை போடுங்கள், கட்டாயம் போடுங்கள். மிளகு, சீரகம், பூண்டு, இடித்த நண்டுக்கால், புளி கொஞ்சம். முதல் வரியில் மட்டும் ‘நண்டு அரைக் கிலோ’ என்று எழுதிவிட்டு நகராதீர்கள். எந்தத் தண்ணீரில் பிடித்த நண்டு என்று எழுதுங்கள்.